மணியின் அடியில் ஒரு கறுப்புப் புள்ளி

2024 டிசம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூர் தேக்கா உணவங்காடியில் எனக்கும் நண்பருக்கும் நடுவில் இரண்டு தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்), தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்த என் கைப்பேசி. திரையில் அம்மா. பெரம்பலூர் மாவட்டத்தில் எங்கள் மக்காச்சோளக் காட்டுக்குள் நின்றுகொண்டிருந்தார். ஒரு கதிரை ஒடித்து, மேலுறையை உரித்து, நடுப்பகுதியிலிருந்து நாலு மணியைப் பெயர்த்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். திரையில் கை ரேகைதான் தெளிவாகத் தெரிந்தது. மணி தெரியவில்லை.

“அண்ணே, மணியோட அடிமுனையைக் காட்டச் சொல்லுங்க,” என்றார் நண்பர். பக்கத்து ஊர்க்காரர். கிராஞ்சிப் பக்கம் தங்குவிடுதியில் இருக்கிறார். ஊரில் அவருக்கும் இரண்டு ஏக்கர் மக்காச்சோளம் உண்டு.

அம்மா தூக்குவாளி மூடியைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் ஒரு மணியைப் போட்டு, கதிரில் ஒட்டியிருந்த கூர்முனையை நகத்தால் சுரண்டினார். தவிடு மாதிரி மெல்லிய தோல் உரிந்து வந்தது. அதன் கீழே, குழந்தைக்கு மை தொட்டு வைத்ததுபோல ஒரு கறுப்புப் புள்ளி. இன்னொரு மணி, அதிலும் புள்ளி. மூன்றாவதிலும்.

“முத்திடுச்சுண்ணே,” என்றார் நண்பர்.

அந்த ஒரு சொல்லைக் கேட்டு அன்று மாலையே திருச்சிக்கு டிக்கெட் போட்டேன். ஜனவரி 10 போய் 21 திரும்புவது. நடுவில் பொங்கல். இங்கே பொங்கலுக்கு அரசு விடுமுறை கிடையாது, வருடாந்தர விடுப்பில்தான் போக வேண்டும். பண்டிகையும் ஆயிற்று, அறுவடையும் ஆயிற்று என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு எங்கே பிசகியது என்பதைத்தான் எழுதுகிறேன். என்னைப் போல இங்கே வேலை பார்த்துக்கொண்டு ஊரில் மூன்று நாலு ஏக்கரைக் காப்பாற்றிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது உதவும்.

அப்பா இருந்தவரை அறுவடை நாள் குறிப்பதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. “நாளைக்குக் கதிர் ஒடிக்கிறோம்” என்று போனில் சொல்வார். ஆள் கூலிக்குப் பணம் அனுப்புவேன், அவ்வளவுதான். 2024 சித்திரையில் அவர் தவறிவிட்டார். காட்டை விட்டுவிட அம்மாவுக்கு மனமில்லை, எனக்கும் இல்லை. தம்பி பெரம்பலூரில் ஒரு கடையில் வேலை பார்க்கிறான், ஞாயிறும் காலை நேரமும்தான் அவனுக்குக் காடு. இப்படி மூன்று பேருமாகச் சேர்ந்து செய்த முதல் வெள்ளாமை அது.

மொத்தம் மூன்று ஏக்கர் கரிசல், மானாவாரி. இரண்டு ஏக்கர் மேட்டுக்காடு. ஒரு ஏக்கர் ஓடையோரம், ரோட்டை ஒட்டிய பள்ளக்காடு. ஆவணிக் கடைசியில், செப்டம்பர் 14ஆம் தேதி விதைத்தோம். நூற்றைந்து நாள் வீரிய ரகம். நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியபோது மணி பால் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த வாரம் ஈசூனில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சன்னலுக்கு வெளியே மழை கொட்டினாலே, ஊருக்குப் போன் போட்டு அங்கேயும் மழையா என்று கேட்பேன். இரண்டு ஊருக்கும் ஒரே வடகிழக்குப் பருவக்காற்று. பள்ளக்காட்டில் மட்டும் கொஞ்சம் தட்டை சாய்ந்தது, மற்றபடி தப்பித்தோம்.

சரி, அந்தக் கறுப்புப் புள்ளிக்கு வருகிறேன். செடியிலிருந்து மணிக்குச் சத்து போகும் வழி அடைபட்டுவிட்டது என்பதற்கு அது அடையாளம். இனிமேல் மணி எடை ஏறாது. அன்றைக்கு ஒடித்தாலும் மகசூல் குறையாது என்பது உண்மைதான். ஆனால் புள்ளி விழும் அன்று மணிக்குள் 30 முதல் 35 சதவீதம் ஈரம் இருக்கும். வியாபாரி கேட்பது 14 சதவீதம். நடுவில் இருக்கிற அந்த ஈரத்தை வெயிலும் காற்றும்தான் இறக்க வேண்டும். கதிர் செடியிலேயே நின்று காய்ந்தால் செலவில்லை. ஒடித்துக் கொண்டுவந்த பிறகு காயவைத்தால் ஒவ்வொரு சதவீதத்துக்கும் நம் கையும் காசும் போகும். முற்றுவது வேறு, காய்வது வேறு. அப்பாவுக்கு இது பேச்சே தேவைப்படாத விஷயம். நண்பர் “முத்திடுச்சு” என்றதும் சரியாகத்தான் சொன்னார். அதை நான் “அறுக்கலாம்” என்று எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 11, சனிக்கிழமை தொடங்கினோம். ஒன்பது பெண்கள், இரண்டு ஆண்கள். ஆறரை மணிக்கே ஆட்கள் வந்துவிட்டார்கள். மார்கழிப் பனி, கதிரின் மேலுறையில் கை வைத்தால் ஈரம் சொட்டியது. கூலி ஓடுகிறதே என்று நான் உடனே இறங்கச் சொன்னேன். பனி உலர ஒன்பது மணியாவது ஆகும், அதற்கு முன் ஒடிக்கிற கதிர் ஈரத்தை மூட்டையோடு கட்டிக்கொண்டு வரும். ஆட்களை எட்டரைக்கு வரச்சொல்லி, சாயங்காலம் ஒரு மணி நேரம் கூட நிற்கச் சொன்னால் அவர்களுக்கும் நல்லது, நமக்கும் நல்லது. இரண்டாவது நாளிலிருந்து அப்படித்தான் செய்தோம்.

இன்னொரு தவறு, தொடங்கிய இடம். டிராக்டரும் கதிர் அடிக்கிற மிஷினும் வந்து நிற்க வசதி என்று ரோட்டோரப் பள்ளக்காட்டில் ஆரம்பித்தேன். ஓடை ஈரத்தில் கடைசியாகக் காயும் இடம் அதுதான். அங்கே முதல் நாள் செய்திருக்க வேண்டிய ஒரே வேலை, புயலில் சாய்ந்த தட்டைகளிலிருந்து கதிரை மட்டும் தனியாகப் பொறுக்கி எடுப்பது. தரையைத் தொட்ட கதிர் தாங்காது, எலியும் பூஞ்சணமும் முந்திக்கொள்ளும். நிற்கிற செடியை அப்படியே நிற்க விட்டுவிட்டு மேட்டுக்குப் போயிருக்கலாம். மேட்டிலும் அன்றைக்கே எல்லாம் தயாராக இல்லை. ஆனால் கதிர்கள் தலை கவிழ்ந்து தொங்க ஆரம்பித்திருந்தன. நிமிர்ந்து நிற்கிற கதிருக்குள் பனியும் மழையும் இறங்கும். தொங்குகிற கதிரில் மேலுறையே கூரை மாதிரி தண்ணீரை வழியவிட்டுவிடும். கதிர் தொங்குகிறதா என்று தூரத்திலிருந்தே பார்க்கலாம், வீடியோ காலிலும் பார்க்கலாம்.

சாயங்காலம் மிஷின் ஓடியது. காய்ந்த மக்காச்சோளம் அடிபடும்போது தகரத்தில் கல்மழை பெய்கிற மாதிரிச் சத்தம் வரும். அன்று மொத் மொத்தென்று ஒரு சத்தம். விழுந்த மணியை அள்ளிப் பார்த்தேன். பத்துக்கு இரண்டு உடைந்தோ நசுங்கியோ இருந்தது, அடிமுனை பிய்ந்து வெள்ளை மாவு தெரிந்தது. ஓட்டுநர் மிஷினை நிறுத்திவிட்டு, “பச்சையா இருக்குண்ணே, இத அடிச்சா ஒடையத்தான் செய்யும்,” என்றார். தம்பி உள்ளூர் வியாபாரியிடம் ஒரு கிலோ கொண்டுபோய் ஈரம் பார்க்கிற மிஷினில் வைத்துப் பார்த்தான். 24.6.

அந்த ஒரு ஏக்கரில் 21 குவிண்டால் வந்தது. ஈரத்தோடு கொடுத்தால் குவிண்டால் 1,800 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாக வியாபாரி சொன்னார், அதாவது 37,800. காயவைத்து 14க்குக் கொண்டுவந்தால் 2,350 தருவதாகச் சொன்னார். அந்த ஆண்டுக்கு மத்திய அரசு அறிவித்திருந்த குறைந்தபட்ச ஆதரவு விலை 2,225 ரூபாய், ஆகவே மோசமான விலை இல்லை. ஆனால் காய்ந்தால் எடையும் இறங்கும். கணக்கு எளிது: நூறு கிலோவில் 24.6 தண்ணீர் போக மீதி 75.4. அதை 86ஆல் வகுத்தால் 14 சதவீத ஈரத்தில் எத்தனை பங்கு நிற்கும் என்று தெரியும். எங்கள் 21 குவிண்டால் 18.4 ஆகும். இந்த வகுத்தலைக் கைப்பேசியில் போட்டுப் பார்க்காமல் யாரும் ஈர விலைக்கு ஒத்துக்கொள்ளவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம்.

நாங்கள் காயவைத்தோம். நாலு நாள். பொங்கல் அன்றும் தார்ப்பாய்மேல்தான் நின்றோம். விரல் கணுவளவு உயரத்துக்கு மேல் பரப்பினால் அடியில் இருப்பது காயாது, மேலே இருப்பது மட்டும் காய்ந்த மாதிரி கையை ஏமாற்றும். மணிக்கொரு தடவை காலால் கோடு கிழித்துக் கிளறினோம். சாயங்காலம் ஐந்து மணிக்கே கூட்டிக் குவித்து மூடிவிட வேண்டும். பனி இறங்கிய பிறகு மூடினால், பகலெல்லாம் போன ஈரம் ராத்திரியில் திரும்பிவிடும். முதல் ராத்திரி குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தபோது வெதுவெதுவென்று இருந்தது. ஈர மணி மூச்சு விடும், குவித்து வைத்தால் சூடேறும், அந்தச் சூட்டில் பூஞ்சணம் பிடிக்கும். அம்மா பத்து மணிக்கு எழுந்து குவியலைப் பிரித்துவிட்டு, விடியும் வரை பக்கத்திலேயே கட்டில் போட்டுப் படுத்திருந்தார்.

கடைசியில் 18.4 குவிண்டாலையும் கொடுத்தபோது, உடைந்த மணி அதிகம் என்று விலையில் 100 ரூபாய் குறைத்தார்கள். 41,400 வந்தது. காயவைத்த கூலியும் தார்ப்பாய் வாடகையும் 3,000. முதல் நாளே பச்சையாகக் கொடுத்திருந்தால் கிடைத்திருக்கும் தொகைக்கும் இதற்கும் வித்தியாசம் 600 ரூபாய். நாலு நாள் மூன்று பேரின் உழைப்புக்கு.

மீதி இரண்டு ஏக்கரைத் தொடவில்லை. நான் 21ஆம் தேதி விமானம் ஏறினேன். காடு நிற்க, நான் திரும்பி வருவது கஷ்டமாகத்தான் இருந்தது. 24ஆம் தேதி தம்பி கடையில் மூன்று நாள் லீவு சொல்லிவிட்டு மேட்டுக்காட்டை ஒடித்தான். ஈரம் 17க்கும் கீழே. அவன் அனுப்பிய வீடியோவில் அந்தக் கல்மழைச் சத்தம் கேட்டது. இரண்டு நாள் வெயிலோடு மூட்டை கட்டி, பேசிய 2,350க்கே கொடுத்தான்.

அதற்காக ரொம்பவும் தள்ளிப்போடச் சொல்லவில்லை. புள்ளி விழுந்து ஒரு மாதத்துக்கு மேல் நின்றால் தட்டை ஒடிய ஆரம்பிக்கும், மயிலும் பன்றியும் இறங்கும், வண்டு காட்டிலேயே மணிக்குள் போய்விடும். எங்கள் மண்ணுக்கு, தை மாத வெயிலுக்கு, புள்ளி விழுந்ததிலிருந்து மூன்று, மூன்றரை வாரம் என்பது சரியாக வருகிறது. உங்கள் ஊருக்கு அது மாறும். அதனால்தான் மணியைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

ஈரம் பார்க்கிற மிஷின் எல்லாரிடமும் இருக்காது. அதற்கு ஒரு எளிய வழி உண்டு, இந்த வருடம் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தூள் உப்பை நல்ல வெயிலில் மூன்று மணி நேரம் காயவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் கால் பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக மணியைப் போட்டு, இரண்டு ஸ்பூன் அளவு உப்பு சேர்த்து, மூடி, ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். கால் மணி நேரம் வைத்துவிட்டுப் பாருங்கள். உப்பு பாட்டிலின் உள்பக்கத்தில் ஒட்டியிருந்தால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாமல் அடியில் கொட்டிக் கிடந்தால் மூட்டை கட்டலாம். அப்பா மணியைக் கடித்துப் பார்ப்பார், கடக்கென்று உடைந்தால் சரி என்பார். அவர் பல்லுக்கு இருந்த பழக்கம் எங்களுக்கு இல்லை.

இனி எனக்கு ரொம்ப முக்கியமான விஷயம். இங்கே நான் கட்டுமானத் தளங்களில் வேலையிடப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். தினமும் காலையில் ஆட்களை நிறுத்தி, இன்றைக்கு என்ன வேலை, எதில் ஆபத்து என்று பத்து நிமிடம் பேசாமல் ஒரு ஆணிகூட அடிக்க விடமாட்டோம். எங்கள் காட்டில் டிராக்டரின் பின்னால் சுழலும் தண்டுக்கு மூடி இல்லாமல் மிஷின் ஓடியதை அன்று பார்த்தபோது வயிறு கலங்கிவிட்டது. டிராக்டரிலிருந்து மிஷினுக்குச் சக்தி கொண்டுபோகும் அந்தத் தண்டு நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுற்றும், ஒரு நொடிக்கு ஒன்பது. முந்தானை நுனியோ தோளில் கிடக்கும் துண்டோ அதில் மாட்டினால், இழுத்துக்கொள்ள நேரமே இருக்காது.

மிஷினை நிறுத்தச் சொன்னேன். பத்து நிமிடம் பேசினேன். முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “இத்தன வருசமா அடிக்கிறோம் தம்பி,” என்றார் ஒரு பெரியம்மா. நான் வாதாடவில்லை. இங்கே என் வேலையில் கண்ணால் பார்த்த ஒரு கையைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் அதே பெரியம்மாதான் முதலில் முந்தானையை இழுத்துச் செருகி, என் பழைய முழுக்கைச் சட்டை ஒன்றை வாங்கி மேலே போட்டுப் பொத்தானைக் கழுத்து வரை மாட்டினார். மற்றவர்களும் ஒவ்வொருவராக. தண்டைச் சுற்றி நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டி, அதற்குள் யாரும் போகக்கூடாது என்று வைத்தோம். கதிர் சிக்கினால் கையை விடக்கூடாது, ஓட்டுநர் எஞ்சினை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்த பிறகுதான் தொடலாம் என்று ஒத்துக்கொண்டோம். சாயங்காலம் இரண்டு தடவை சிக்கியது, இரண்டு தடவையும் ஓட்டுநர் சாவியைத் தூக்கிக் காட்டினார். மறுநாள் முகக்கவசமும் கொடுத்தேன், இங்கிருந்து ஒரு பெட்டி கொண்டுபோயிருந்தேன். மக்காச்சோளத் தூசி ராத்திரியெல்லாம் இரும வைக்கும். நீங்கள் ஊருக்குப் போகும்போது சாக்லேட்டும் தைலமும் வாங்குகிற பணத்தில் ஒரு பெட்டி முகக்கவசமும் வாங்குங்கள். அடுத்த முறை தண்டுக்கு மூடி இருக்கிற மிஷினைத்தான் கூப்பிடுவோம் என்று ஓட்டுநரிடமும் சொல்லிவிட்டேன்.

பூஞ்சணம் பிடித்த கதிரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மஞ்சளும் பச்சையும் கலந்த பொடி மாதிரி கதிரில் தெரிந்தால் அதை நல்ல கதிரோடு மிஷினில் போடாதீர்கள். அந்தப் பூஞ்சணத்திலிருந்து அஃப்ளாடாக்சின் என்ற நச்சு வரும். நம் பக்கத்து மக்காச்சோளம் பெரும்பாலும் நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்குத் தீவனமாகத்தான் போகிறது, கோழிக்கு அது விஷம். வீணாகிறதே என்று மாட்டுக்கும் போட வேண்டாம், பாலில் இறங்கும். அம்மா ஒரு கூடை நிறையப் பொறுக்கிக் காட்டின் மூலையில் குழி வெட்டிப் புதைத்தார்.

திரும்பி வந்தபோது என் பெட்டியின் பக்கப்பையில் ஒரு மணி ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. மகள் அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஈசூன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கப்பில் வாங்கிச் சாப்பிடுகிற சோளம்தானா இது என்று கேட்டாள். அது இனிப்புச் சோளம், பால் பருவத்திலேயே பறித்துவிடுவார்கள், இது முற்ற விட்டுக் காய விட்டது என்றேன். இது ஏன் இவ்வளவு கல்லாக இருக்கிறது என்றாள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொன்னேன். அடிமுனையைச் சுரண்டிப் புள்ளியையும் காட்டினேன்.

இந்த வருடம், 2025 செப்டம்பர் 7ஆம் தேதி விதைத்திருக்கிறோம். 2025-26ஆம் ஆண்டுக்கு ஆதரவு விலையை 2,400 ஆக அறிவித்தார்கள். மேலதிகாரியிடம் நவம்பரிலேயே பேசிவிட்டேன். ஜனவரியில் பத்து நாள் விடுப்பு வேண்டும், தேதியைப் பிறகு சொல்கிறேன், அதற்குப் பதிலாக டிசம்பர் முழுவதும் எந்த ஞாயிறு கூப்பிட்டாலும் வருகிறேன் என்றேன். அவர் சீனர், அவருடைய தாத்தா இங்கே லிம் சூ காங்கில் காய்கறி பயிரிட்டவராம். ஏன் என்று கேட்கவில்லை, சரி என்றார். டிக்கெட் விலை கொஞ்சம் கூடும். பொங்கலுக்கு அங்கே இருக்க முடியாமல் போகலாம். அம்மாவிடம் சொன்னபோது, “வெள்ளாமை வீட்டுக்கு வர்ற அன்னைக்குத்தாம்ப்பா பொங்கல்,” என்றார்.

நாளை டிசம்பர் 21, விதைத்து நூற்றைந்தாவது நாள். இங்கே காலை பத்தரை, அங்கே எட்டு மணி. நண்பரும் தேக்காவுக்கு வருகிறார். தூக்குவாளி மூடியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி அம்மாவுக்கு இப்போதுதான் செய்தி அனுப்பினேன்.